மேகக் குறிப்பேடு: புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

காலநிலை மாற்றத்தை வகுப்பில் எடுக்கும்போது, உருகும் பனிப்பாறையின் படம் ஒன்றையும் மேலேறும் வரைபடக் கோடு ஒன்றையும் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். மாணவர் மனத்தில் அது எங்கோ நடக்கும் செய்தியாக நின்றுவிடுகிறது. தினமும் பத்து நிமிடம் வானத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்திலிருந்து அதே பாடத்தைத் தொடங்கினால் கேள்விகளே வேறாக வரும். நேற்றிரவு ஏன் அவ்வளவு புழுக்கம்? மேகம் மூடியிருந்த நாளில் பகல் ஏன் சூடேறவில்லை? இந்த மாதம் மழை குறைந்திருப்பது வழக்கம்தானா? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் கடிகாரமும் ஒரு குறிப்பேடும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். வெப்பமானியும் மழைமானியும் பிறகு சேர்ந்துகொள்ளட்டும்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரு பள்ளி ஓராண்டு எடுத்த குறிப்பை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு மழை பெய்கிறதா என்பது வானிலை. ஓரிடத்தில் பல ஆண்டுகள் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்பது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்கிறது; இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் புவிப்பரப்பின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் நடுவிலேயே இதைப்போலப் பல மடங்கு வித்தியாசம் வந்து போகும். ஆகவே கடும் வெயில் அடித்த ஒரு நாளைக் காட்டி ‘இதோ காலநிலை மாற்றம்’ என்று மாணவர் எழுதினால், ஆசிரியர் அங்கேயே நிறுத்தி ‘ஒரு நாளை வைத்து எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்க வேண்டும். குளிர்ந்த நாளைக் காட்டி மறுப்பவருக்கும் அதே கேள்விதான். இந்த நிதானம் பழகுவதற்காகவே எல்லாப் பள்ளிகளிலும் இந்த வேலை நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மேகத்தை ஏன் பார்க்கிறோம்

எந்த நேரத்தில் பார்த்தாலும் பூமியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேகத்தின் கீழ் இருக்கிறது. மேகம் இரண்டு வேலை செய்கிறது. சூரிய ஒளியை விண்வெளிக்கே திருப்பியனுப்பிப் பூமியைக் குளிர வைக்கிறது. தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தை வாங்கி, அதில் ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்பிச் சூடாகவும் வைக்கிறது. தாழ்வாகத் தடித்துக் கிடக்கும் மேகத்தில் முதல் வேலை ஓங்கும். உயரத்தில் மெல்லியதாக இருக்கும் பனித்துகள் மேகத்தில் பெரும்பாலும் இரண்டாவது ஓங்கும். இரவில் திருப்பியனுப்ப ஒளியே இல்லை. ஆகவே இரவு மேகம் வெப்பத்தைப் பிடித்து வைப்பது மட்டுமே செய்யும்.

இன்றைய நிலையில் மொத்தக் கணக்குப் போட்டால் மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றன. ஆனால் பூமி சூடாகச் சூடாக மேகங்களும் மாறும். அந்த மாற்றம் ஒட்டுமொத்தமாக வெப்பமடைதலைக் கூட்டும் பக்கமே சாய்கிறது என்று காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் பன்னாட்டு அறிவியல் குழு (ஐபிசிசி) தன் 2021 அறிக்கையில் மதிப்பிட்டது. எவ்வளவு கூட்டும் என்பதில்தான் காலநிலைக் கணிப்புகளின் பெரிய இழுபறிகளில் ஒன்று இன்னும் இருக்கிறது. எந்த மேகம், எவ்வளவு, எந்த நேரத்தில், எவ்வளவு தடிப்பாக: விஞ்ஞானிகளுக்கு வேண்டிய இந்த நான்கையும்தான் மாணவர் குறிப்பேட்டில் எழுதப் போகிறார்.

முதலில் இடமும் நேரமும்

நாலாபுறமும் வானம் தெரியும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுத் திடலின் நடுப்பகுதியோ, தடுப்புச்சுவர் உள்ள மொட்டை மாடியோ போதும். ஒரு பக்கம் மரமோ கட்டடமோ மறைத்தால் அதையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மறைத்த பகுதியை ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு இடத்தை மாற்றாதீர்கள். கொஞ்சம் மறைப்புள்ள நிலையான இடம், அடிக்கடி மாறும் நல்ல இடத்தைவிட மேல்.

நேரத்துக்கும் அதே விதி. உச்சிப்பொழுதையொட்டி ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையில் ஒருமுறையும் பாருங்கள், ஏனென்றால் காலை மேகமும் பிற்பகல் மேகமும் வேறு வேறு கதை சொல்லும். குறிப்பில் உள்ளூர் நேரத்தோடு உலகப் பொது நேரத்தையும் (UTC) எழுதப் பழகிவிட்டால், பின்னாளில் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது.

பாதுகாப்பு விதி இரண்டுதான், இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் கூடாது. இடி கேட்டால் அந்த நொடியே உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. அன்றைய குறிப்பில் ‘இடி, பார்க்கவில்லை’ என்று எழுதினால் அதுவே நல்ல பதிவு.

பெயருக்கு முன் அளவு

புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் மேகத்தின் பெயரைத் தேடுவார்கள். அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். வானத்தில் எவ்வளவு பங்கு மேகம் என்று கணிப்பதுதான் முதல் திறமை. பார்க்க எளிதாகத் தோன்றினாலும் நிறையப் பேர் தடுமாறும் இடமும் அதுதான்.

வானிலை நிலையங்கள் வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டு எண்ணும்: 0 என்றால் மேகமே இல்லை, 8 என்றால் முழு மூட்டம். மாணவர்களுக்குச் சதவீதம் எளிது. பத்துக்குக் கீழா, 10 முதல் 25-ஆ, 25 முதல் 50-ஆ, 50 முதல் 90-ஆ, அதற்கும் மேலா என்ற ஐந்து வகையில் ஒன்றைச் சொன்னால் போதும். இவற்றோடு, மேகமே இல்லாத வானத்துக்குத் தனியாக ஒரு வகை.

பெரும்பாலோர் அளவைக் கூட்டியே சொல்வார்கள். தலைக்கு நேர் மேலே இரண்டு மேகத் திரளுக்கு இடையே நீல இடைவெளி தெரியும். அதே மேகங்கள் அடிவானம் பக்கம் போகும்போது, பக்கவாட்டு உயரம் இடைவெளியை மறைத்து, எல்லாம் ஒன்றாக ஒட்டியது போலத் தெரியும். இதைக் கண்ணுக்குப் பழக்க நல்ல பயிற்சி ஒன்று உண்டு. ஒரே அளவில் நீலத்தாள் ஒன்று, வெள்ளைத்தாள் ஒன்று எடுங்கள். வெள்ளைத்தாளைப் பத்துச் சம பாகமாகப் பிரித்து, அதில் மூன்று பாகத்தை மட்டும் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் நீலத்தாளில் சிதறலாக ஒட்டுங்கள். அது சரியாக 30 சதவீத மேகம். தள்ளி நின்று மற்ற மாணவர்களைக் கணிக்கச் சொல்லுங்கள். நாற்பது, ஐம்பது என்ற பதில்கள் வரும். ஒவ்வொரு குழுவும் தன் தாளின் உண்மை அளவை மறைத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி விளையாடினால் சில வகுப்புகளிலேயே கணிப்பு நெருங்கி வந்துவிடும்.

வெளியே வந்ததும் வானத்தை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நாலு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் தனியாகக் கணித்துச் சராசரி எடுங்கள். இரண்டு மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதட்டும். இரண்டு எண்ணும் வேறுபட்டால் சமரசம் பேசி ஒன்றாக்க வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதற்கான அளவு.

‘மேகம் இல்லை’, ‘வானம் தெரியவில்லை’, ‘இன்று பார்க்கவில்லை’ ஆகிய மூன்றும் வேறு வேறு செய்தி. மூடுபனியோ புகையோ தூசியோ வானத்தை மறைத்தால் எது மறைத்தது என்று எழுதுங்கள். விடுமுறை நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே சுழியம் போட்டால் பின்னால் சராசரி எடுப்பவர் அதைத் தெளிந்த வானம் என்று எண்ணிக்கொள்வார். தெளிந்த வானத்தைப் பதிய மறப்பதும் அதே அளவு கெடுதல். மேகம் அழகாக இருக்கும் நாளில் மட்டும் எழுதிய குறிப்பேட்டில் அந்த ஊருக்கு எப்போதும் மேகம்தான்.

எவ்வளவு தடிப்பு

இதற்கு நிழலைப் பார்த்தால் போதும். மேகம் சூரியனை மறைத்திருக்கும்போதும் உங்கள் நிழல் விளிம்போடு தெளிவாக விழுந்தால் அது ஒளி ஊடுருவும் மேகம். நிழல் மங்கிக் குழைந்திருந்தால் அரைகுறையாக ஒளி விடும் மேகம். நிழலே இல்லையென்றால் ஒளிபுகா மேகம். அளவு ஒன்றாக இருந்தாலும் தடிப்பு மாறினால் தரைக்கு வரும் வெப்பம் அடியோடு மாறும் என்பதால் இந்த ஒரு வரியை விடாமல் எழுதுங்கள்.

இப்போது பெயர்

மேகங்களுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர்முறைக்கு அடித்தளம் போட்டவர் லூக் ஹோவார்ட். லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர்; வானிலை அவருக்குத் தனி ஈடுபாடு. 1802-இல் ஓர் ஆர்வலர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரைதான் தொடக்கம். இன்று அடிப்படை வகை பத்து. பத்தையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மூன்று வடிவங்களைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விழும்.

இறகும் மயிரிழையும் போல இழுபட்டிருப்பது கீற்று மேகம், அதாவது சிர்ரஸ். அடிப்பக்கம் தட்டையாக, மேலே குவியல் குவியலாக எழுவது திரள் மேகம், குமுலஸ். ஒரே விரிப்பாகப் பரவுவது படை மேகம், ஸ்ட்ராட்டஸ். இவை ஒன்றோடொன்று கலந்தும், நடு உயரத்தில் அமைந்தும், மழை சேர்ந்தும் மற்றவை வருகின்றன. தரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் வரை கீழ்மட்டம். அதற்கு மேல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரை இடைமட்டம். அதற்கும் மேலே உயர்மட்டம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இடைமட்டத்தின் மேல் எல்லை உயரும். கார்திரள் மேகம் மட்டும் மூன்று மட்டத்தையும் ஊடுருவி எழும். இடியும் ஆலங்கட்டியும் அதன் வேலை.

குழப்பம் அதிகம் வருவது சிறு சிறு பஞ்சுத் திட்டுகள் நிரை நிரையாக நிற்கும்போது. கையை முழுதாக நீட்டி விரலால் அளக்கலாம். ஒரு திட்டு சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்தால் அது உயரத்தில் உள்ள கீற்றுத்திரள் மேகம். மூன்று விரல் அகலம்வரை வந்தால் இடைப்பட்ட திரள் மேகம். அதையும் தாண்டினால் தாழ்ந்த படைத்திரள் மேகம். ஓரளவு தலைக்கு மேலே இருக்கும் திட்டுகளில்தான் இதைச் செய்ய வேண்டும். நீட்டிய கையின் மூன்று முஷ்டி உயரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே தூரம் கண்ணை ஏமாற்றும்.

வானம் பால் கலந்ததுபோல வெளுத்து, நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருந்தால் அது கீற்றுப்படை மேகம். நீட்டிய கையில் விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 22 டிகிரி வரும். அந்த வட்டத்தின் ஆரமும் 22 டிகிரிதான். மேகத்தில் உள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் உண்டாகும் அளவு அது.

விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகளையும் எண்ணுங்கள். உடனே மறைகிறதா, அப்படியே நிற்கிறதா, பரவி அகல்கிறதா என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். கோடு நீடித்தால் அந்த உயரத்தில் காற்று ஈரமாகவும் கடுங்குளிராகவும் இருக்கிறது என்று பொருள். இது மனிதர் உண்டாக்கும் மேகம். பரவி நிற்கும் கோடுகள் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், விமானப் போக்குவரத்தின் காலநிலைத் தாக்கத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

படமும் செயற்கைக்கோளும்

தினமும் அல்லது வாரம் சில நாள் ஆறு படம் எடுங்கள்: நாலு திசைக்கு நாலு, நேர் மேலே ஒன்று, காலடித் தரை ஒன்று. தரை ஈரமா, காய்ந்திருக்கிறதா, இலை உதிர்ந்திருக்கிறதா என்பது அந்தக் கடைசிப் படத்தில் பதிவாகும். படத்தில் ஆட்களின் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைப் பள்ளிக்கு வெளியே பகிர வழி இருக்கிறது. 1995 முதல் நடக்கும் குளோப் திட்டத்தில் பல நாட்டு மாணவர்கள் ஒரே விதிமுறையில் அளந்து பதிகிறார்கள். அதன் செயலியான குளோப் அப்சர்வர் வழியாக மேகக் குறிப்பை அனுப்பலாம். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னோ பின்னோ பார்த்திருந்தால், அதே வானத்தைச் செயற்கைக்கோள் எப்படிப் பார்த்தது என்ற ஒப்பீடு மின்னஞ்சலில் வரும். மாணவர்களுக்கு இதைவிட உற்சாகமான கடிதம் கிடையாது.

இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் பாடம் ஆழமாகும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. தடித்த உயர் மேகம் இருந்தால் அதன் அடியில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. நமக்கோ தாழ்ந்த மேகம் மேலே உள்ளதை மறைத்துவிடும். பனி மூடிய வெள்ளைத் தரையின்மேல் நிற்கும் வெள்ளை மேகமும், மிக மெல்லிய கீற்றும், துண்டு துண்டான சிறு திரள்களும் மேலிருந்து தவறிப்போகக்கூடியவை. யார் சொன்னது சரி என்று முடிவுகட்ட அவசரப்படாமல், ஏன் வேறுபட்டது என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள்.

வெப்பமானியும் மழைமானியும்

வெப்பமானி காட்ட வேண்டியது காற்றின் வெப்பநிலையை. வெயில் நேராகப் பட்டால் அது தன் சூட்டையே காட்டும். சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைக் காட்டும். 1860-களில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த வெள்ளைச் சாளரப் பெட்டி இன்றும் வானிலை நிலையங்களில் நிற்பது இதற்காகத்தான்: நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள் வழியாகக் காற்று வரும், வெயில் வராது. மரத்திலோ அடுக்கிய வெள்ளைத் தட்டுகளிலோ பள்ளியிலேயே செய்துகொள்ளலாம். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், புல்தரை அல்லது இயல்பான தரைமேல், கட்டடங்களிலிருந்து தள்ளி வையுங்கள். உச்ச, குறைந்த வெப்பநிலை இரண்டையும் காட்டும் வெப்பமானியே வாங்குங்கள். காலநிலைக் கேள்விகளுக்கு அந்த இரண்டு எண்தான் அதிகம் உதவும்.

மழைமானி இன்னும் எளிது. பக்கம் நேராக உள்ள எந்த உருளைக் கலமும் போதும். தேங்கிய நீரின் உயரம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதுவே மழையளவு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து பெருக்கிப் பார்க்கச் சொன்னால் எண்ணின் கனம் புரியும். அருகில் உள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து, வளைந்த நீர்ப்பரப்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். தூறல் விழுந்தும் அளக்க முடியாத அளவாக இருந்தால் ‘தூறல் மட்டும்’ என்று எழுதுங்கள்.

குறிப்பேட்டிலிருந்து கேள்விக்கு

மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கலாம். முதல் கேள்வியாக நான் பரிந்துரைப்பது இது: மேகம் மூடிய இரவுகளின் குறைந்த வெப்பநிலையும் தெளிந்த இரவுகளின் குறைந்த வெப்பநிலையும் எவ்வளவு வேறுபடுகின்றன? இதற்காகப் படுக்கும் முன் வானத்தை ஒருமுறை பார்த்து ‘மூட்டம்’ அல்லது ‘நட்சத்திரம் தெரிகிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு குவியலாகப் பிரித்துச் சராசரி எடுத்தால், மேகம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று புத்தகம் சொன்னதை மாணவர் தன் எண்களிலேயே காண்பார். ஒரே மாதத்துக்குள் ஒப்பிட வேண்டும். கோடையையும் குளிர்காலத்தையும் கலந்துவிட்டால் பருவத்தின் வித்தியாசம் மேகத்தின் கணக்கில் விழுந்துவிடும்.

ஓராண்டு முடிந்த பிறகு, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் 30 ஆண்டு மாதச் சராசரிகளை எடுத்து உங்கள் எண்களைப் பக்கத்தில் வையுங்கள். எந்த மாதம் சராசரியைவிடச் சூடு, எது வறட்சி என்று தெரியும். அந்த நிலையத்தின் பழைய ஆண்டுகளும் கிடைத்தால் இரவுக் குறைந்த வெப்பநிலையைத் தனியாக வரைந்து பாருங்கள். 1950 முதல் கணக்கிட்டால் நிலப்பரப்பில் பல இடங்களில் இரவுகள் பகல்களைவிட வேகமாகச் சூடேறியிருக்கின்றன. உங்கள் பகுதியில் அப்படித்தானா என்பது மாணவர் நேர்மையாகத் தேட வேண்டிய விடை. அங்கே கட்டடங்கள் பெருகியிருந்தால் அதுவும் இரவைச் சூடாக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கும்போது

1938-இல் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் உலகின் 147 நிலையங்களின் பழைய வெப்பநிலைக் குறிப்புகளைக் கையாலேயே கணக்கிட்டு, நிலப்பரப்பு சூடேறி வருவதைக் காட்டினார். காற்றில் கூடிவந்த கரியமில வாயுவோடு அதைத் தொடர்புபடுத்தவும் செய்தார். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்து எழுதவில்லை. தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்து எழுதினார்கள். பள்ளிக் குறிப்பேடும் ஒரு வகுப்போடு முடியாமல் கைமாறிப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பென்சிலால் எழுதுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இடம், அதன் வரைபடம், கருவிகளின் வகை, பார்க்கும் நேரம் ஆகியவை இருக்கட்டும். கருவி உடைந்தாலோ, பக்கத்து மரம் வெட்டப்பட்டாலோ, திடலில் சிமெண்டுத் தளம் போட்டாலோ தேதியோடு எழுதுங்கள். ஆண்டு இறுதியில் பழைய குழுவும் புதிய குழுவும் இரண்டு வாரம் சேர்ந்து பார்த்துத் தனித்தனியாக எழுத வேண்டும். இரு குழுவின் மேக அளவும் எவ்வளவு விலகுகின்றன என்பது அப்போது பதிவாகிவிடும். புது வெப்பமானி வந்தால் பழையதை உடனே கழற்றாமல், இரண்டையும் ஒரே பெட்டியில் குறைந்தது ஒரு மாதம் வைத்து, இரண்டின் எண்ணையும் தினமும் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.